நான் எடுத்துக் கொடுத்த தட்டு

தலைமை ஆசிரியர்களுக்கான தலைமைப் பண்புப் பயிற்சியில் முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்தார்கள். "ஒரு தலைவராக உங்களுடைய மிகப் பெரிய பலம் எது?" என்று அதில் கேட்டிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஊர் மக்களோடு ஒன்றிப் பழகுவது" என்று கொட்டை எழுத்தில் எழுதி, எல்லோருக்கும் முந்திக்கொண்டு போய்க் கொடுத்தேன். இன்றைக்கு அந்தத் தாள் என் கையில் கிடைத்தால் சுக்குநூறாகக் கிழித்துப் போடுவேன்.

எங்கள் பள்ளி சின்னமனூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வாழைத் தோட்டங்களுக்கும் திராட்சைப் பந்தல்களுக்கும் நடுவில் இருக்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளி. நான் தேனியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவள். இருபது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்திவிட்டுப் பதவி உயர்வில் அங்கே போனேன். எனக்கு முன்னால் இருந்தவர் எதற்கெடுத்தாலும் சட்டம் பேசியவராம். ஊரே சேர்ந்து அவரை மாற்றல் வாங்கிக்கொண்டு ஓட வைத்திருந்தது. அந்தக் கதையை முதல் நாளே மூன்று பேர் தனித்தனியாக வந்து எனக்குச் சொன்னார்கள். நான் புத்திசாலி, அந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

ஆகவே எல்லா விசேஷத்துக்கும் போனேன். காதுகுத்து, வீடு குடிபுகல், கருமாதி, எதையும் விடவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். "பெரிய டீச்சர் நம்ம வீட்டுல கை நனைச்சாக" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். கேட்க எனக்கும் இனிக்கத்தான் செய்தது. ஒரே வருடத்தில், தெருவில் நான் நடந்து போனால் பைக்கை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட ஆள் இருந்தது.

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் வாழை விவசாயி. காலை மணி அடித்ததும் என் அறைக்கு வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, செய்தித்தாளைப் புரட்டிவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போவார். பல நாள் மதியமும் வருவார். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்கு நான் போவதற்கு முன் வருடக்கணக்காகத் தண்ணீர் கிடையாது. பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு தரம்தான் சொன்னேன். அந்த மனிதர் தன் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பைப்பு இழுத்துக் கொடுத்துவிட்டார், ஒரு விளம்பரம் இல்லை, கல்வெட்டு இல்லை. நல்ல மனிதர். இப்போதும் அப்படித்தான் சொல்வேன், என் வயிற்றெரிச்சலே அதுதான்.

அவருடைய மகள் எங்களிடம் ப்ளஸ் ஒன் உயிரியல் பிரிவில் படித்தாள். முதல் மாணவி எல்லாம் இல்லை, நடுத்தரம். ஆனால் ஒரு நாள்கூட லீவு போடாதவள். ஒருமுறை மருத்துவ முகாமுக்கு வந்த நர்சுக்கு உதவியாக நின்று, ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை எல்லோருடைய உயரத்தையும் எடையையும் ஒரே நாளில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தாள். போகும்போது அந்த நர்சு, "இந்தப் பிள்ளைய நர்சிங்குல சேத்து விடுங்க மேடம்" என்றார். அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. தேனியிலேயே படிக்கலாமா, ப்ளஸ் டூவில் எவ்வளவு வேண்டும் என்று வகுப்பாசிரியையைத் துளைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் தன் சடங்குப் பத்திரிகையைத் தானே கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். வயதுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் அதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. வீட்டில் வசதி கூடி, தாய்மாமனுக்கும் தோதுப்படுகிறபோது மண்டபம் பிடித்து வைப்பார்கள். எதிர் நாற்காலியில் அவள் அப்பா செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார்.

"கட்டாயம் வரணும் டீச்சர். வேற யாரு வராட்டாலும் நீங்க வரணும்" என்றாள்.

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "டீச்சர் வராம நம்ம வீட்டுல என்னைக்கு விசேஷம் நடந்திருக்கு? நீ போத்தா, கிளாசுக்குப் போ."

அவள் உடனே போகவில்லை. ஒரு நிமிடம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போனேன். வாசலில் அவள் படம் போட்ட பெரிய பிளெக்ஸ். தாய்மாமன் வீடு லோயர் கேம்ப் பக்கம். அங்கிருந்து நாலைந்து ஜீப்பில் சீர்வரிசை வந்திறங்கியது. குமுளியிலிருந்து செண்டை மேளம் பிடித்து வந்திருந்தார்கள். காது கிழிந்தது. என்னை மேடைக்கே கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவள் பட்டுப்புடவையில், கழுத்து நிறைய மாலையோடு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

சீர்த் தட்டெல்லாம் வைத்து முடித்த பிறகு, தாய்மாமனின் மனைவி ஒரு தட்டைத் தனியாகக் கொண்டுவந்தார். வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள், ஒரு முகூர்த்தப் பட்டு, மேலே ஒரு மோதிரப் பெட்டி. பக்கத்தில் அவருடைய மகன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றான். மலைக்கு ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டுகிறவன், இருபத்தாறு வயது இருக்கும். ஊர்ப் பெரியவர் ஒருவர் மைக்கை வாங்கினார்.

"நம்ம புள்ளைக்கும் அது மாமன் மகனுக்கும் பேசி முடிச்சிருக்கு. எல்லாரும் கூடியிருக்கையிலேயே தட்டு மாத்திக்கிருவோம்ன்டு ரெண்டு வீட்டுலயும் பிரியப்படுறாக. பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் கையால எடுத்துக் குடுத்தா நல்லாருக்கும்."

எனக்குத் தெரியாமல் நடந்தது, புரியாமல் வாங்கிவிட்டேன் என்றெல்லாம் கதை விட மாட்டேன். தட்டு மாற்றுவது என்றால் நிச்சயம் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அவளுக்குப் பதினாறு வயது. பிறந்த தேதி என் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் பேசுவதைத் தடுக்க வேண்டியவர்களின் பட்டியலில் நானும் உண்டு, அதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. தட்டை நீட்டினார்கள். மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. அவள் அப்பா கைகளைக் கூப்பிக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். இத்தனை பேர் நடுவில் இந்த மனிதரின் முகத்தில் எப்படிக் கரி பூசுவது என்று நினைத்தேன். வெறும் வெற்றிலை பாக்குதானே, பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். இவ்வளவையும் நினைக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

தட்டை வாங்கி அவள் அம்மா கையில் கொடுத்தேன். இவர்கள் வீட்டுத் தட்டை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தேன். போட்டோக்காரர் என்னை நிமிர்ந்து பார்க்கச் சொல்லி இன்னொரு தடவை கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். அப்போதுதான் அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அதன்பிறகு சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை இடைவேளையில் அவள் என் அறைக்கு வந்தாள். அதிசயமாக அன்றைக்கு எதிர் நாற்காலி காலியாக இருந்தது. கையில் மருதாணி அப்படியே சிவந்திருந்தது.

"நீங்க வந்தா நிப்பாட்டுவீகன்னு நெனச்சேன் டீச்சர். அதுக்குத்தான் வரச் சொன்னேன்" என்றாள்.

பதில் தெரியாதபோது எங்கள் தொழில்காரர்கள் என்ன செய்வோமோ அதைச் செய்தேன், அவளையே குற்றவாளி ஆக்கினேன். "முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எங்கன வந்து சொல்ல? உங்க ரூமுல எப்பப் பாத்தாலும் அப்பாதான உக்காந்திருக்காக."

அவள் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. இன்ன பாடத்துக்கு ஆசிரியர் வரவில்லை என்று வந்து சொல்வார்களே, அந்த மாதிரிச் சொன்னாள். "அம்புட்டு பேரு முன்னால நீங்க ஒரு வார்த்த சொன்னா அப்பா மறுத்துப் பேசிருக்க மாட்டாக. ப்ளஸ் டூ மட்டும் எழுதணும் டீச்சர். அதுக்கு மேல நான் பாத்துக்கிருவேன்."

எழுத வைக்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த நிமிடம் உண்மையாகத்தான் கொடுத்தேன்.

அவளுடைய வகுப்பாசிரியை உத்தமபாளையத்திலிருந்து வருகிற இளம் பெண், வேலைக்கு வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. மதியம் வந்து கதவைச் சாத்திவிட்டு, "குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லிருவோம் மேடம். பேரு சொல்ல வேண்டாம். அவங்க வந்து ரெண்டு வீட்டுலயும் எழுதி வாங்கிட்டா அப்புறம் யாரும் தொட முடியாது" என்றார்.

"அவசரப்படாதீங்க. நான் பேசிக்கிறேன். அவர் என் பேச்சைத் தட்ட மாட்டார்" என்றேன்.

"பேசுனாலும் எழுத்துல இருக்கணும் மேடம்."

"நாலு வருஷ சர்வீஸ்ல உங்களுக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கு. சந்தோஷம்" என்றேன். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. என் வாய்க்கு அன்றைக்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும். அதிகாரிகள் வந்தால் முதலில் எதைக் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். மண்டபத்து வீடியோவைக் கேட்பார்கள், அதில் தட்டோடு நிமிர்ந்து நிற்பது நான். ஓய்வு பெற எனக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. பக்குவம், நிதானம், ஊரோடு ஒத்துப்போவது என்று ஏதேதோ பேசி அனுப்பினேன். அதற்கெல்லாம் ஒரே பேர்தான், பயம்.

மறுநாள் அவள் அப்பாவிடம் பேசினேன். டீயும் வடையும் வரவழைத்து, பக்குவமாக, நோகாமல் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அட என்ன டீச்சர், இம்புட்டுக்கா யோசிச்சீக? மாப்ள வேற யாரு, எஞ்சம்சாரத்தோட அண்ணன் மகன். சம்பந்தம் வெளிய போயிரக் கூடாதேன்னுதான் தட்டு மாத்துனது. புள்ள ப்ளஸ் டூ முடிக்காம கல்யாணப் பேச்சே இல்ல. உங்க சொல்லுக்கு மேல எங்களுக்கு என்ன இருக்கு?"

எழுதித் தாருங்கள் என்று கேட்க என் நாக்கு எழவில்லை. கேட்டால் அவருக்கு வருத்தமாகிவிடுமாம். அவரை அனுப்பிவிட்டு வகுப்பாசிரியையைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா? இதுக்குப் போய் போலீஸ், அதிகாரின்னு" என்றேன். அவர் சரி மேடம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தலைமை ஆசிரியை வேண்டாம் என்று சொன்னதை மீறிப் போன் செய்கிற துணிச்சல் அந்த வயதில் எனக்கும் இருந்திருக்காது.

வெட்கக்கேடு இன்னும் இருக்கிறது. பயிற்சியின் இரண்டாம் கட்டம் அந்தக் கோடையில் நடந்தது. பேசியே தீர்த்த ஒரு சிக்கலைப் பற்றி ஆளுக்கொரு அனுபவம் சொல்லச் சொன்னார்கள். நான் எழுந்து இதைச் சொன்னேன். பேர் சொல்லாமல், நான் தட்டு எடுத்துக் கொடுத்ததையும் சொல்லாமல், ஒரு தகப்பனைக் கடிந்து பேசாமலே மனம் மாற்றிய கதையாகச் சொன்னேன். கைதட்டினார்கள். பயிற்சி கொடுத்தவர், "சமூகத்தின் நம்பிக்கையைச் சம்பாதித்தவருக்குச் சட்டம் தேவைப்படாது" என்று என்னையே உதாரணம் காட்டினார். அங்கிருந்த பத்திருபது தலைமை ஆசிரியர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். அவர்கள் பள்ளிகளில் எத்தனை பெண்பிள்ளைகள் இருக்கிறார்களோ.

ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. முதல் வாரம் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். இரண்டாம் வாரம் அவள் அப்பா டிசி கேட்டு வந்தார். வழக்கமான நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"மாமன் வீட்டுலயே விட்டுட்டோம் டீச்சர். அங்கன பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிறேன்னு மாப்ள சொல்லுது."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"கோயில்லதான். பத்திரிக ஒண்ணும் அடிக்கல. எங்க ஆத்தாவுக்கு மேலுக்கு முடியாமப் போச்சு, கண்ண மூடுறதுக்குள்ள பாத்துரணும்ன்டு சொன்னாக." விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, "நீங்க தட்டு எடுத்துக் குடுத்ததுதான டீச்சர். உங்களுக்குத் தெரியாததா என்ன?" என்றார்.

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை. முறையாகத் தனியாகச் சொல்லாமல் விட்டதற்குச் சமாதானமாகச் சொன்னார். எனக்குத்தான் மிரட்டல் போலக் கேட்டது. அன்றைக்கும் நேரம் இருந்தது, புகார் கொடுத்திருக்கலாம். வாசலில் வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே டிசி எழுதினேன். விலகும் காரணம் என்ற இடத்தில் "பெற்றோர் விருப்பம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். பக்கத்துப் பள்ளியில் அவளைச் சேர்க்கவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். விசாரிக்கிற வேலையை மட்டும் நான் ஒழுங்காகச் செய்தேன். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் ஒரு நாளும் தடைப்படாமல் வந்துகொண்டிருந்தது.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த சில நாளில், காலை வழிபாடு முடிவதற்குள் ஒரு அரசு ஜீப் வந்து நின்றது. குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண், கூடவே இரண்டு போலீஸ்காரர்கள். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வயதை என் பதிவேட்டில் சரிபார்க்க வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணமாம்.

"உங்க ஸ்கூல் பொண்ணு. மூணு தெரு தள்ளித்தான் வீடு. உங்களுக்குத் தெரியாதா மேடம்?" என்று அந்த அதிகாரி கேட்டார்.

எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஊரில் ஒரு வீடு விடாமல் கை நனைத்தவளுக்குத் தெரியாது. அன்றைக்கே கல்யாணத்தை நிறுத்தினார்கள், இரண்டு வீட்டிலும் எழுதி வாங்கினார்கள். ஊரில் இரண்டு நாள் சத்தம் போட்டார்கள், மூன்றாம் நாள் ஓய்ந்துவிட்டது. யாரும் பள்ளிக்குக் கல்லெறியவில்லை. நான் இத்தனை காலம் பயந்தது இந்த இரண்டு நாள் சத்தத்துக்குத்தான்.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கு வந்தாள். என் அறைக்குக் கூப்பிட்டேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"யாரும்மா போன் பண்ணது?"

கேட்கக் கூடாத கேள்வி என்று எனக்குத் தெரியும், ஆனாலும் விடவில்லை. யாரோ ஒரு ஆசிரியை செய்திருப்பார், என்னிடம் மறைத்துவிட்டார் என்று எனக்குள் குமைச்சல். திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது.

"லோயர் கேம்புல கட்டிக் குடுத்துருக்கே, அந்த அக்காதான் டீச்சர். பொங்கலுக்கு ஊருக்கு வந்துருந்தப்ப அதுகிட்ட சொன்னேன். அது வீட்டுக்காரரு குளிக்கப் போயிருக்கையில அவரு போனுல இருந்து பண்ணுச்சு."

"ஏன், மூணு தெரு தள்ளி ஸ்கூல்ல நான் இருக்கேன். என்கிட்ட வந்து சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியில் இருந்தது அக்கறை இல்லை, ரோஷம்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த அக்காதான் வேணாம்ன்டுச்சு. பெரிய டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிராத, அவுக பேசிப் பாக்குறேம்பாகன்னு சொல்லுச்சு."

வெளியே கணக்கு வாத்தியார் வகுப்பில் வாய்பாடு சொல்ல வைத்துக்கொண்டிருந்தது கேட்டது. சரி, போ என்று கையைக் காட்டினேன். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"நான் சொன்னத அந்த அக்காவோட அப்பாகிட்ட சொல்லிராதீக டீச்சர்."

சொல்ல மாட்டேன் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.